கறிப்பலா: அதன் உணவுப் பயனும் சமைக்கும் முறைகளும்

கொச்சி மாநகராட்சியைச் சேர்ந்த இடப்பள்ளியில் 66, 544 எண்களுடைய இரு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. அச்சந்திப்பின் இரைச்சலை விட்டு உட்புறச் சாலைகளில் சிறிது தொலைவு சென்றால், பழைய வீட்டு வளாகங்களில் தென்னை, மா, பலா ஆகியவற்றினிடையே வேறொரு மரமும் கண்ணுக்குப் புலனாகும். அதன் இலைகள் அகன்றவை. விரித்த கைவிரல்களைப் போல் ஆழமாகப் பிளவுபட்டவை. காய் பலாக் காயினும் சிறியது, ஏறத்தாழ உருண்டையானது, கூரிய முள் இல்லாதது. இதுவே கறிப்பலா. சீமைப்பலா என்றும் இதனை வழங்குவர். இலங்கைத் தமிழர் ஈரப்பலா என்பர். மலையாளத்தில் கடச்சக்கை, சீமச்சக்கை என்றும், மங்களூர்ப் பகுதியில் ஜீகுஜ்ஜெ என்றும், கொங்கணியில் ஜீவ் கட்கி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு.

பெயர் பலவாயினும், மேற்குக் கரையோரத்து அடுக்களைகளில் இதற்கு அளிக்கப்படும் இடம் பெரும்பாலும் ஒன்றே: சோற்றுக்குத் துணையான கறி. ஆனால் காயினுள் அடங்கிய பொருள்களை ஆராய்ந்தால், இது வெண்டைக்காய், புடலங்காய் போன்ற காய்களின் இனத்தில் சேராது. அரிசி, மரவள்ளி, உருளைக் கிழங்கு ஆகியவற்றின் வரிசையில் வைக்கத்தக்கது என்பது விளங்கும். இவ்வொரு செய்தியை நன்கு உணர்ந்தாலன்றிக் கறிப்பலாவின் பயனை நாம் முழுமையாகப் பெற இயலாது. களப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதும் இதுவே.

மரமும் அதன் வரலாறும்

தாவர நூலார் இம்மரத்தை ஆர்ட்டோகார்ப்பஸ் ஆல்ட்டிலிஸ் என்பர். ஆர்ட்டோகார்ப்பஸ் என்பது கிரேக்க மொழியில் ரொட்டி, கனி என்னும் பொருள் தரும் இரு சொற்கள் இணைந்த தொடராகும். பலாவும், கேரளத்தில் பெருமரமாக வளரும் அயனியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. நாம் காய் என்று கூறுவது ஒரு பூவிலிருந்து தோன்றியதன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு பூக்கள் ஒரே தண்டைச் சூழ்ந்து ஒன்றாக இணைந்து உருவான கூட்டுக் கனியாகும்.

இவ்வினத்தின் ஆதி இருப்பிடம் நியூகினித் தீவும் அதனை அடுத்த பகுதிகளுமாகும். அங்கிருந்து கடலோடிகள் இதனைப் பசிபிக் தீவுகள் எங்கும் கொண்டு சென்றனர். அத்தீவுகளில் இது கறியாக அன்று, அன்றாட உணவாகவே விளங்கிற்று. காய் மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் அதனைக் குழிகளில் இட்டுப் புளிக்க வைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமிக்கும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது. காயுடன் மீனும் தேங்காயும் சேர்ந்தமையால் அவ்வுணவு நிறைவுற்றதாயிற்று.

1769ஆம் ஆண்டில் தாஹித்தித் தீவுக்குச் சென்ற ஜேம்ஸ் குக், ஜோசப் பாங்ஸ் ஆகியோர் இம்மரத்தின் சிறப்பை ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட முதலாளிகள், அடிமைகளுக்குக் குறைந்த செலவில் உணவளிக்க வழி தேடிய காலம் அது. அந்நோக்கத்துடன் 1787ஆம் ஆண்டில் வில்லியம் பிளை என்பவரின் தலைமையில் பவுண்டி என்னும் கப்பல் அனுப்பப்பட்டது. தாஹித்தியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மாலுமிகள் கலகம் செய்து பிளையைக் கப்பலினின்றும் வெளியேற்றினர். கன்றுகளையும் கடலில் எறிந்தனர். பிளை உயிர் தப்பி இங்கிலாந்து சேர்ந்து, மீண்டும் ஒரு முறை பயணம் செய்து, 1793ஆம் ஆண்டில் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா ஆகிய தீவுகளில் கன்றுகளைச் சேர்ப்பித்தார்.

இவ்வளவு பாடுபட்டும் எண்ணிய பயன் உடனே கிட்டவில்லை. தமக்குப் பழக்கமான வாழைக்காயையும் கிழங்குகளையும் விட்டு இப்புதிய காயை உண்ண அம்மக்கள் விரும்பவில்லை. பல ஆண்டுகள் அது பெரும்பாலும் பன்றிகளுக்கே தீனியாயிற்று. பிற்காலத்தில், தம் சமையலுக்கேற்ப அதனை நெருப்பில் சுட்டு உப்பிட்ட மீனுடன் உண்ணும் வழக்கத்தை மக்களே ஏற்படுத்திக் கொண்டனர். இன்று ஜமைக்காவில் சுட்ட கறிப்பலா யாவரும் விரும்பும் உணவாகும். ஓர் உணவின் சத்தை எடுத்துக் கூறுவதனால் மட்டும் அதனை மக்கள் ஏற்பதில்லை. அது அவர்களுடைய அடுக்களை வழக்கத்தோடு பொருந்த வேண்டும். களப் பணியாளர் மறவாதிருக்க வேண்டிய பாடம் இது.

காயில் அடங்கிய சத்துக்கள்

நூறு கிராம் அளவில் கறிப்பலாவில் உள்ள சத்துக்களைப் பிற உணவுகளோடு ஒப்பிட்டுக் கீழே தந்துள்ளோம். சோறு நீங்கலாக மற்றவை சமைக்கப்படாத நிலையில் உள்ளவை. மாவுப் பொருளின் அளவில் நார்ச் சத்தும் அடங்கும்.

கறிப்பலாக் காய்: 103 கலோரி, மாவுப் பொருள் 27 கிராம், புரதம் 1.1 கிராம், நார்ச் சத்து 4.9 கிராம்.

மரவள்ளிக் கிழங்கு: 160 கலோரி, மாவுப் பொருள் 38 கிராம், புரதம் 1.4 கிராம், நார்ச் சத்து 1.8 கிராம்.

உருளைக் கிழங்கு: 77 கலோரி, மாவுப் பொருள் 17 கிராம், புரதம் 2 கிராம், நார்ச் சத்து 2.2 கிராம்.

வெள்ளரிசிச் சோறு: 130 கலோரி, மாவுப் பொருள் 28 கிராம், புரதம் 2.7 கிராம், நார்ச் சத்து 0.4 கிராம்.

வெண்டைக்காய்: 33 கலோரி, மாவுப் பொருள் 7 கிராம், புரதம் 1.9 கிராம், நார்ச் சத்து 3.2 கிராம்.

மேற்கண்ட எண்களை நோக்கின், மாவுப் பொருளில் கறிப்பலாவும் சோறும் ஏறத்தாழச் சமமாக இருப்பதும், வெண்டைக்காயுடன் ஒப்பிடுகையில் கறிப்பலா ஏறத்தாழ நான்கு பங்கு மாவுப் பொருளைக் கொண்டிருப்பதும் புலனாகும். நார்ச் சத்தில் இக்காய் வெள்ளரிசியை விடப் பன்மடங்கு உயர்ந்தது. பொட்டாசியம் 490 மில்லிகிராம் வரையிலும், வைட்டமின் சி 29 மில்லிகிராம் வரையிலும் இதில் உண்டு. கொழுப்பு மிகச் சொற்பம். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் சிறிதளவே உள்ளன. மேற்கூறியவை சராசரி அளவுகளே. மரத்தின் வகை, மண், காயின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்ப இவை மாறுபடும்.

கறியா, சோறா?

பாதிக் கறிப்பலாவைத் தேங்காய் வறுத்தரைத்துக் கறியாக்கி, வழக்கமான அளவுச் சோற்றுடன் உண்பதாகக் கொள்வோம். முந்நூறு கிராம் சோறும் நூற்றைம்பது கிராம் கறிப்பலாவும் ஒருவர் உண்டால், எண்ணெயும் தேங்காயும் நீங்கலாகவே 545 கலோரி கிடைக்கும். மாவுப் பொருள் 125 கிராம். புரதமோ பத்துக் கிராமுக்கும் குறைவு. சோற்றுக்குத் துணையாக மற்றொரு சோற்றையே உண்டதற்கு இது ஒப்பாகும்.

இனிச் சோற்றைப் பாதியாகக் குறைத்து நூற்றைம்பது கிராமாக்குவோம். கறிப்பலாவின் அளவை மாற்ற வேண்டுவதில்லை. அதனுடன் முப்பது கிராம் பாசிப் பயறு சேர்ப்போம். இப்போது கலோரி சுமார் 455. மாவுப் பொருள் சுமார் 102 கிராம். புரதம் சுமார் 13 கிராம். பயறுக்குப் பதிலாக ஐம்பது கிராம் மத்தி மீனின் தசையைச் சேர்த்தால் புரதம் 16 கிராமை எட்டும். வயிறு நிறையும், நார்ச் சத்துக் குறையாது, மாவுப் பொருளின் மிகுதி நீங்கும். காயில் மாறுதல் ஏதுமில்லை. அதற்கு உண்கலத்தில் அளித்த இடமே மாறியது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் கேரளத்திலேயே உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டபோது, எண்ணற்ற குடும்பங்களின் பசியைத் தணித்தது அக்கிழங்கே. மரவள்ளியிலும் புரதம் குறைவு. எனினும் அதனை மீன் கறியுடன் உண்ணும் வழக்கம் வேரூன்றியமையால் அக்குறை ஓரளவு நீங்கியது. மரவள்ளிக்கு அளித்த இடத்தையே கறிப்பலாவுக்கும் அளிப்போமாயின் புதுவழக்கம் எதனையும் கற்பிக்க வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டிய தவறான எண்ணங்கள்

முதலாவது, கறிப்பலா நீரிழிவைப் போக்கும் என்பது. இது தவறு. காயிலுள்ள மாவுப் பொருள் செரித்தபின் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேருகிறது. நார்ச் சத்து அவ்வேகத்தைச் சிறிது தணிக்கலாம். ஆயினும் சோற்றைக் குறைக்காமல் இதனை உண்பவருக்கு இரத்தச் சர்க்கரை மிகுமேயன்றிக் குறையாது. நீரிழிவு உடையோர் இதனைச் சோற்றின் கணக்கில் சேர்த்தே உண்ண வேண்டும், மருந்தை நிறுத்தலாகாது.

இரண்டாவது, இதில் உயர்ந்த புரதம் உண்டு என்பது. இக்காயின் புரதத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் நல்ல விகிதத்தில் அமைந்திருப்பது உண்மையே. ஆனால் அளவு மிகச் சிறிது. உடலுழைப்புக் குறைந்த, 65 கிலோகிராம் எடையுள்ள ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் தேவையென 2020ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. இதனைக் கறிப்பலாவிலிருந்து மட்டும் பெறுவதாயின் ஐந்து கிலோகிராம் உண்ண வேண்டும். வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் பருப்பு, பயறு, மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்கு ஈடாக இதனைப் பரிந்துரைப்பது பெரும் பிழையாகும்.

மூன்றாவது, எல்லாச் சத்தும் இதில் உண்டு என்பது. வைட்டமின் ஏ தரும் கரோட்டின் இதில் மிகக் குறைவு. கீரை, முருங்கையிலை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றின் இடத்தை இக்காய் நிரப்பாது. மேலும் சிறுநீரக நோயினால் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டோர் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது.

தேர்ந்தெடுத்தலும் நறுக்குதலும்

முற்றிய காயே உணவுக்கு ஏற்றது. இளங்காயின் தோலில் கட்டங்கள் புடைத்து நிற்கும். முற்றியபின் அவை தட்டையாகும். பச்சை நிறம் சற்றே மஞ்சள் கலந்து தோன்றும். தோலின் மேல் பால் துளிகள் கசிந்து உலர்ந்திருக்கும். காயோ அழுத்தினால் உறுதியாக இருக்கும். துறட்டியால் பறிக்கும்போது தரையில் விழாதவாறு வலை அல்லது சாக்குக் கொண்டு ஏந்துதல் வேண்டும். அடிபட்ட காய் விரைவில் மென்மையாகும். பறித்தவுடன் காம்பைக் கீழ்நோக்கி வைத்தால் பால் வடிந்துவிடும்.

பறித்த காய் சாதாரண வெப்ப நிலையில் இரண்டு மூன்று நாட்களிலேயே கனியத் தொடங்கும். முழுக் காயை நீரில் அமிழ்த்தி வைப்பின் மேலும் சில நாட்கள் தாங்கும். அதிகக் குளிர்ச்சி காயைக் கெடுக்குமாதலால் முழுக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதனினும், துண்டுகளாக்கி அரைவேக்காடு செய்து உறைநிலையில் வைப்பது நன்று.

நறுக்குமுன் கத்தியிலும் கைகளிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. காயை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை அகற்றி, தோலைச் சீவிவிட வேண்டும். வெட்டிய துண்டுகள் காற்றுப்பட்டால் பழுப்பு நிறம் அடையும். அதனைத் தடுக்க அவற்றைச் சிறிது மஞ்சள் தூள் கலந்த நீரில் இடுவது வழக்கம். நெடுநேரம் ஊற வைத்தல் கூடாது. வைட்டமின் சி நீரில் கரைந்து வீணாகும். துண்டுகள் பெரியனவாக இருப்பதும், சமைப்பதற்குச் சற்று முன்பே நறுக்குவதும், வேக வைக்கும் நீர் குறைவாக இருப்பதும் சத்தைக் காக்கும் வழிகளாகும். மரவள்ளியைப் போல் வேக வைத்த நீரைக் கொட்ட வேண்டிய அவசியம் இதற்கு இல்லை.

சமைக்கும் முறைகள்

1. புழுக்கு: நால்வருக்கு ஒரு கிலோகிராம் எடையுள்ள காய் போதுமானது. துண்டுகளை உப்பும் மஞ்சளும் சேர்த்துச் சுமார் இருபது நிமிடம் வேக வைக்கவும். நூறு கிராம் தேங்காய்த் துருவலுடன் பச்சை மிளகாய், சீரகம், சிறிதளவு சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, மரக் கரண்டியால் மசிக்கவும். கறிவேப்பிலையும் ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயும் மேலே இட்டு இறக்கவும். இதனைச் சோற்றுடன் அன்று, சோற்றுக்குப் பதிலாக, மத்தி மீன் குழம்புடனோ கடலைக் கறியுடனோ உண்ண வேண்டும்.

2. பயற்றுக் கூட்டு: நூற்றிருபது கிராம் பாசிப் பயற்றை ஊற வைத்து முக்கால் வேக்காடாக வேக வைத்து, அறுநூறு கிராம் கறிப்பலாத் துண்டுகளைச் சேர்த்து மேலும் வேக விடவும். தேங்காய், சீரகம் அரைத்துக் கலந்து, கடுகு தாளித்து இறக்கவும். மேற்கூறிய கணக்கின்படி இது நால்வருக்கு ஆகும். புலால் உண்ணாத குடும்பங்களுக்கும் பள்ளி உணவுக்கும் ஏற்றது.

3. வறுத்தரைத்த கறி: தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து, மல்லி, மிளகாய், மிளகுடன் அரைத்துச் சேர்ப்பது கேரளத்தில் பெரிதும் விரும்பப்படும் முறை. சுவை மிக்கது, எனினும் தேங்காயின் கலோரியையும் கணக்கிட வேண்டும். நூறு கிராம் தேங்காய்ப் பருப்பில் 350 கலோரிக்கு மேல் உண்டு.

4. இலங்கை முறை: துண்டுகளை மஞ்சள், கறிமசால், தேங்காய்ப் பால் சேர்த்துக் கறியாக்குவர். அவித்த துண்டுகளைத் தேங்காய்ச் சம்பலுடன் உணவாகவே உண்பதும் அங்கு வழக்கம். இவ்விரண்டாவது முறையே நாம் பின்பற்றத்தக்கது.

5. வறுவல்: மட்டாஞ்சேரியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கொங்கணி மக்கள் மெல்லிய துண்டுகளில் மிளகாய்ப் பொடி, பெருங்காயம், அரிசி மாவு தடவி எண்ணெயில் வறுப்பர். சுவைக்காகச் சிறிதளவு உண்பதில் குற்றமில்லை. ஆயின் வறுக்கும்போது நீர் வெளியேறி எண்ணெய் உட்புகுவதால், கலோரி பன்மடங்கு உயரும். இதனை அன்றாட உணவாகக் கொள்ளலாகாது.

6. மாவு: காய்கள் மிகுந்துள்ள காலத்தில் மெல்லிய துண்டுகளை ஆவியில் சில நிமிடம் வாட்டி, நன்கு உலர்த்தி, அரைத்து, ஈரம் புகாத கலத்தில் வைக்கலாம். மழைக் காலத்தில் வெயிலை நம்ப முடியாதாகையால் உலர்த்தும் கருவி தேவைப்படும். அரைகுறையாக உலர்ந்தது பூஞ்சணம் பிடிக்கும். இம்மாவில் ரொட்டியை உப்பச் செய்யும் குளூட்டன் இல்லை. எனவே கோதுமை மாவில் கால் பங்கு அளவாகக் கலந்து சப்பாத்தி செய்யலாம்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இச்செய்தியை மாணவர்களுக்குக் கண்கூடாக விளக்கலாம். முற்றிய காயின் ஒரு துண்டு, நன்கு கனிந்த பழத்தின் ஒரு துண்டு, சோறு, வெண்டைக்காய் ஆகிய நான்கையும் தனித்தனித் தட்டுகளில் வைத்து, நீர் கலந்த அயோடின் கரைசலை ஒவ்வொன்றிலும் ஒரு துளி இடவும். சோற்றிலும் முற்றிய காயிலும் கருநீல நிறம் தோன்றும். வெண்டைக்காயில் அந்நிறம் அவ்வாறு தோன்றாது. கனிந்த துண்டில் நிறம் குன்றியிருக்கும். கனியும்போது மாவுப் பொருள் சர்க்கரையாக மாறுவதே இதற்குக் காரணம். சோதித்த துண்டுகளை உண்ணக் கூடாது. பின்னர், முந்தைய நாள் வீட்டில் உண்டவற்றை மாணவர்கள் எழுதி, கருநீலமாகும் உணவுகள் எத்தனை, பருப்பும் மீனும் முட்டையும் எத்தனை என்று தாமே கணக்கிடட்டும். கூறிப் புரிய வைப்பதனினும் இக்கணக்கு ஆழமாகப் பதியும்.

மரத்தைப் பேணுதல்

கறிப்பலாவில் நம் நாட்டில் பெரும்பாலும் வளர்வது விதையற்ற வகையே. விதையின்மையால் பறவையோ அணிலோ இதனைப் பரப்ப இயலாது. வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்தோ, வேர்த் துண்டைப் பதித்தோதான் பெரும்பாலும் புதிய மரம் உண்டாக்குவர். ஆகவே நாம் காணும் மரங்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கன்றைப் பெற்று நட்டவையாகும்.

நகரம் பெருகப் பெருக இடப்பள்ளி போன்ற இடங்களில் பெரிய வளாகங்கள் சில சென்ட் அளவுள்ள மனைகளாகச் சுருங்கி வருகின்றன. உயர்ந்து படரும் இம்மரம் கூரைக்கும் மதிலுக்கும் இடையூறு எனக் கருதப்படுகிறது. வெட்டுவது தவிர்க்க முடியாததாயின், அதற்கு முன்பாக மழைக் காலத் தொடக்கத்தில், பென்சிலினும் சற்றுப் பருத்த வேர்களை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, மணலும் மக்கிய எருவும் கலந்த பாத்தியில் பதித்து, நிழலில் ஈரம் காத்து வந்தால் சில மாதங்களில் கன்றுகள் கிளம்பும். நீர் தேங்காத இடத்தில் நட்டால் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வளாகம் இல்லாத வீட்டாருக்குப் பள்ளி வெளியும், அங்கன்வாடியின் சுற்றுப்புறமும், பொது நிலங்களும் உள்ளன.

2018ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் கேரள அரசு பலாவை மாநிலக் கனியாக அறிவித்தது. அதன் உறவினமான கறிப்பலாவுக்கு அத்தகைய சிறப்புத் தேவையில்லை. சோற்றைச் சிறிது விலக்கி அதற்கு ஓர் இடமளித்து, பக்கத்தில் ஒரு கரண்டிப் பயறோ ஒரு துண்டு மீனோ வைத்தால் போதும். அடுத்த முறை ஒரு வீட்டில் கடச்சக்கைக் கறி கொதிப்பதைக் காணும் பணியாளர், அதன் சுவையைப் பாராட்டிய பின்னர், அன்று உலையில் இட்ட அரிசி எவ்வளவு என்று வினவுவாராக. அவர் கூற வேண்டிய அறிவுரை அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.